உன் பேரில் யாரோ கருத்து எழுதுகிறார்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மா ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தேன். நம்முடைய அந்தப் படம் வந்து நின்றது. கறுப்பு வெள்ளை, இங்கிலீஷ். செத்துப்போனவனுடைய கோட்டை மாட்டிக்கொண்டு, அவன் பேரையும் எடுத்துக்கொண்டு, ரொம்ப வருஷம் கழித்துத் திரும்பி வந்த புருஷன் நான்தான் என்று அவன் வீட்டிலேயே போய் உட்காருவானே ஒருத்தன், அதே படம்தான். விளக்கு வெளிச்சம் பாதி முகத்தில், இருட்டு மீதி முகத்தில். இன்னமும் அவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

படத்துக்குக் கீழே, பார்த்தவர்கள் எழுதிய கருத்துகள். ஒருத்தன் ‘படம் மாட்டுவண்டி மாதிரி போவுது’ என்கிறான். இன்னொருத்தன் ‘இந்த மாதிரி லைட்டிங் இப்ப யாரால செய்ய முடியும்’ என்று உருகுகிறான். ‘பேரைத்தானே எடுத்துக்கினான், கொலையா பண்ணான்’ என்று ஒரு வக்கீல். அதற்கும் கீழே பார்த்தேன். உன் பேர். பக்கத்தில் சுரங்கத் தொப்பியோடு நீ பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிற படம்.

‘அவளுக்கு முதல் நாளே தெரியும். உப்பு வேணுமான்னு கேட்டதைப் பாருங்க.’

போன வாரம் எழுதியது. உன்னை மண்ணில் வைத்து வருஷம் திரும்பிவிட்டதடா. எனக்கு வந்தது பயமில்லை, கோபம். எவனோ உன் பேரைத் திருடிவிட்டான், அதுவும் பேரைத் திருடுகிற படத்துக்குக் கீழேயே!

சந்தேகம்தான் எனக்குப் பிழைப்பாக இருந்தது, உனக்குத் தெரியாதா. தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து கேஜ் கூண்டில் மேலே வருகிறவர்களை கேட்டில் நிறுத்தி, துணியைத் தடவி, சோற்றுத் தூக்கைத் திறந்து, தங்கக்கல் ஒளித்திருக்கிறார்களா என்று பார்க்கிற வேலை. ஊரே என்னைத் திட்டும். நீ மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நின்று, “தடவுடா, நல்லாத் தடவு, கிச்சுகிச்சு மூட்டாத” என்பாய். உன்னைக் கூடுதலாகவே சோதிப்பேன். சிநேகிதனை விட்டுவிட்டான் என்று எவனும் சொல்லக் கூடாது பார்.

ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு நான் வீட்டில் தூங்கி எழுந்து சாயங்கால ஆட்டத்துக்குப் போவேன். நீ தூங்காமல் கொள்ளாமல் உன் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு பகல் ஆட்டத்துக்கு ஓடுவாய். மறுநாள் ஊரிகத்தில் உன் கம்பெனி லைன் வீட்டு வாசலில் நம்ம கச்சேரி. இந்தப் படத்துக்கு நடந்த சண்டை மாதிரி வேறு எதற்கும் நடந்ததில்லை. அவள் ஏமாந்தாள் என்பது என் கட்சி. அவளுக்குத் தெரியும் என்பது உன் கட்சி. “கட்டின புருஷன் உப்பு எவ்ளோ போட்டுக்குவான்னு தெரியாத பொண்டாட்டி உண்டாடா? கேட்டாளே, அப்பவே தெரிஞ்சுபோச்சு” என்றாய். நான் விடுவேனா? “தெரிஞ்சிருந்தா, போலீஸ் வந்து இவன் வேற ஆளுன்னு சொன்னப்ப இன்னாத்துக்கு மயங்கி விழுந்தா?” என்று மடக்கினேன்.

நீ தலையைச் சொறிந்தாய். “இரு, தண்ணி குடிச்சுட்டு வரேன்” என்று உள்ளே போனாய். வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, “போலீஸ்காரன் பாத்துகினு இருந்தானே, அதுக்குத்தான் விழுந்தா” என்றாய். எந்தப் படமானாலும் இதே கதைதான். மடக்குவேன், தண்ணி குடிக்கப் போவாய், வந்து என்னைக் கவிழ்த்துவிடுவாய். “உன் வீட்டுத் தண்ணியில இன்னா கலக்கறாங்க?” என்று கேட்டால் சிரிப்பாய்.

அந்த உப்புச் சமாச்சாரம் நமக்குள் மட்டும் இருந்தது. அதை எழுத வேண்டுமென்றால், உன் வீட்டோடு புழங்கியவனாகத்தான் இருக்க வேண்டும். முதலில் உன் மகன்மேல்தான் எனக்குச் சந்தேகம். திங்கட்கிழமை பெங்களூர் ரயிலுக்கு அவன் ஸ்டேஷனில் நிற்கும்போது போய்ப் பிடித்தேன்.

“அப்பா ஃபோன் எங்கடா? வித்துட்டியா?”

“நான் இன்னாத்துக்கு மாமா விக்கப்போறேன்? அம்மாகிட்டதான் கீது.”

“அம்மா அதுல இன்னா பண்றாங்க?”

“கோயில் பாட்டு கேப்பாங்க. வேற இன்னா தெரியும் அவங்களுக்கு?”

சொல்லிவிட்டு ரயில் வருகிற பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்துப் பேசாதவனை நான் நம்பியதில்லை. ஆண்டர்சன்பேட்டையில் உன் ஃபோனை ரிப்பேர் செய்தானாமே ஒருத்தன், அவன்மேலும் சந்தேகம். போகிற வழியில் அவன் கடை முன்னால் நின்று ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் உன் வீட்டுக்குப் போனேன்.

உன் வீட்டுக்காரி முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உன் ஃபோன். “வாங்க அண்ணா” என்றவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “இன்னா, கேட்டுல நிக்கறாப்பல நிக்கறீங்க? என் முறத்தையும் தடவிப் பாக்கணுமா?”

“அவன் பேர்ல எவனோ எழுதறான்மா. உனக்குத் தெரியுமா?”

“எவனோ இல்ல அண்ணா. நான்தான்.”

எனக்குச் சுருக்கென்றது. “அவன் சொன்னதை எடுத்து நீ இன்னாத்துக்கு எழுதறே?” என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன்.

“அவரு சொன்னதா?” பூண்டை முறத்தில் போட்டாள். “அவரு எங்க அண்ணா படம் பாத்தாரு? நைட் ஷிஃப்ட் முடிச்ச ஆளு. ஹால்ல லைட்ட அணைச்சா போதும், என் தோள்மேல சாஞ்சு குறட்டைதான். இண்டர்வல்ல எழுப்பினா கடலை வாங்கிக் குடுத்துட்டு மறுபடியும் தூங்குவாரு. எனக்கு ஆசைன்னுதான் வருவாரு. வீடு வர்ற வரைக்கும் கதை சொல்லிகினே வருவேன். மறுநா உங்ககிட்ட அதை அவுத்து விடுவாரு.”

நான் நம்பவில்லை. பழக்கதோஷம். “அப்ப போலீஸ் வந்ததும் அவ ஏன் மயங்கி விழுந்தா, சொல்லு?”

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “போலீஸ்காரன் பாத்துகினு இருந்தானே.”

அந்த வாசலில், நாம் கத்திக்கொண்டிருந்த அதே இடத்தில், உட்கார்ந்துவிட்டேன். அட பாவி! அத்தனை வருஷம் உன் மடியைத் தடவினேன், தூக்கைக் கவிழ்த்தேன், செருப்பைக்கூடத் தட்டிப் பார்த்தேன். என் கண் முன்னாலேயே தண்ணி குடிக்கிற சாக்கில் உள்ளே போய் இவளிடமிருந்து பதிலை எடுத்து வந்து கொடுத்திருக்கிறாய், எனக்குத் தெரியவில்லை. தூங்காமல் பகல் ஆட்டத்துக்கு எவன் போவான் என்றாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? முதலில் அவமானமாக இருந்தது. பிறகு அழுகையாக வந்தது. நான் யாரோடுதான் இத்தனை நாள் சிநேகமாக இருந்தேன் என்று நினைத்தேன்.

“அவன் பேர் எதுக்கும்மா? உன் பேர்லயே எழுதறதுதானே?”

“எழுதினேன் அண்ணா, வேற படத்துக்கு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.” பூண்டுத் தோலை ஊதிவிட்டாள். “அவரு போனப்புறம் ஞாயித்துக்கெழமை வீடு ஓன்னு கெடக்குது. நீங்களும் வர்றதில்ல. அவரு பேர்ல போட்டா நீங்களாச்சும் சண்டைக்கு வருவீங்கன்னுதான். வந்துட்டீங்க பாருங்க.”

உனக்கு ஒன்று சொல்கிறேன். உன் காரியம் முடிந்தபிறகு அந்தப் பக்கம் நான் தலைகாட்டவே இல்லை. நீ இல்லாத வாசலில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

“சரி, அவளுக்குத் தெரியும். ஒத்துக்கறேன்” என்றேன். கடைசியில் என் வாயால் அதைச் சொன்னேன், நீ கேட்கத்தான் இல்லை.

அவள் விட்டால்தானே? “நான் ஒண்ணு கேக்கறேன் அண்ணா. தனக்குத் தெரியும்னு அவ காட்டிக்கவே இல்ல. அவனுக்கு? அவளுக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?”

யோசித்தேன். கோட்டுக்காரன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்ததையும், உப்பை வாங்கிக்கொண்டதையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தேன்.

“கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன்மா.”

“போய் மொண்டு குடிங்க” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ஆனா உள்ள சொல்லிக்குடுக்க ஆள் இல்ல.”

வெறும் வாயோடுதான் திரும்பி வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதிலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். நடக்கும்போது, சாப்பிடும்போது, படுக்கும்போது அந்தக் கேள்விதான் கூடவே வருகிறது. நீ இருந்தால் உன்னைக் கேட்கலாம். கேட்டாலும் நீ தண்ணி குடிக்கத்தானடா போவாய்.