எட்டாம் நாள் பெயர்

அன்பு மகனுக்கு,

போனில் பேசினால் உன் ஆத்தா காதில் விழும். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

பேரனுக்கு நாளை எட்டாம் நாள். மிரியம் வீட்டு யூத வழக்கப்படி சுன்னத் செய்து, அப்போதே பெயரும் சொல்வார்கள் என்றாய். "பச்சப்புள்ளயப் போட்டு எதுக்கு அறுக்குறாக?" என்று உன் ஆத்தா கேட்டபடியே இருக்கிறாள். பிள்ளையார்பட்டியில் உனக்குக் காது குத்தியதை நினைவுபடுத்தினேன். அன்று உன் அழுகை தாங்காமல் வெளியே ஓடியவன் நான்தான். இன்றும் காலையிலிருந்து செக்காலை ரோட்டுக் கடைகளுக்கு மூன்று முறை போய் வந்துவிட்டேன். வாங்க ஒன்றுமில்லை.

நேற்று, "என் பேரைத்தானே வைக்கிறீக?" என்று நான் கேட்டது தப்பு. நம்மில் மூத்த பேரனுக்கு அப்பனைப் பெற்றவர் பெயர்தான் என்பதால் கேட்டுவிட்டேன். நீ தயங்கித் தயங்கிச் சொன்னாய்: "அப்பச்சி, உசுரோட இருக்கவுக பேர வச்சா அவுகளுக்கு ஆகாதுன்னு மிரியம் பயப்படுறா."

எனக்கு வருத்தமில்லை. என் ஆயுளுக்காகப் பயப்படும் மருமகள் யாருக்குக் கிடைப்பாள்? செத்துப்போன அவள் தாத்தாவின் பெயரையே வையுங்கள். குழந்தையை மடியில் வைத்திருப்பவரைக் கவனமாகப் பிடிக்கச் சொல். முடிந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு.

மதுரையில் எடுத்த ஸ்கேன் பற்றிக் கேட்டாய். டாக்டர் நிறையப் பேசினார். ஆத்தாவிடம் வாயுத் தொல்லை என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

என் பெயரை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வை. அப்போது மிரியம் பயப்பட வேண்டியிருக்காது.

உன்
அப்பச்சி