மத்தியானம் என்று நான் சொன்ன பொய்

என் அன்பு நேசனுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் இரண்டு மாதங்களும் ஆகிவிட்டன. இவ்வளவு நாளும் ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். எதையும் துருவிக் கேட்கிற ஆள் இல்லை நீங்கள். ஆனால் எழுதாமல் இருந்ததற்குத் துக்கம் மட்டும் காரணமில்லை. எழுதத் தொடங்கினால் அந்த ஐந்தாம் நாளைப் பற்றி எழுதியாக வேண்டும். அதற்குத்தான் துணிவு வரவில்லை.

முதலில் இங்கத்தைய செய்தி. நான் மறுபடியும் பேர்லினில் இருக்கிறேன். நொய்கெல்னில் ஒற்றை அறை, நாலாம் மாடி. பழைய ஆய்வுகூடத்திலேயே திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் இரத்தத்தை இயந்திரத்தில் வைத்து எண்ணிக்கை பார்க்கிறேன். நீங்கள் ஓட்டிய பஸ் இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை. வீதி வேலை நடப்பதால் பாதையை மாற்றிவிட்டார்கள். அது எனக்கு ஒருவகையில் நிம்மதி. சாரதியின் ஆசனத்தில் வேறு யாரோ இருப்பதைப் பார்க்க வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தை எங்கள் ஆட்கள் படிக்கிற சஞ்சிகைக்கும் அனுப்பப் போகிறேன். உங்களுக்கு அது பிடிக்காது. வீட்டு விஷயம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பீர்கள். ஆனால் உங்களைப் பற்றி இங்கே ஒரு கதை ஓடுகிறது, நேசன். கோயிலிலும் கடையிலும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கதை பிழை. அதை வெளியே சொல்ல வேண்டிய ஆள் நான்.

எங்களைத் தெரியாதவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு மருத்துவம் படிக்க ஆசை. பள்ளிக்கூட இறுதிப் புள்ளி போதாது என்று ஜெர்மனியில் எந்தப் பல்கலைக்கழகமும் இடம் தரவில்லை. ஒவ்வொரு வருடமும் விண்ணப்பம், ஒவ்வொரு வருடமும் மறுப்புக் கடிதம். பிறகு கரிபியன் தீவு ஒன்றில் ஒரு மருத்துவக் கல்லூரி என்னை எடுத்தது. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. இந்த வயதில் கடல் கடந்து போவதா என்று நான் தயங்கினேன். நீங்கள் தயங்கவில்லை.

“நீர் டொக்டர் ஆகத்தான் வேணும் எண்டில்லை வாசுகி,” என்றீர்கள். “ஆனா ஆகாமல் விட்டா, சாகும் வரைக்கும் என்னோட கோபமா இருப்பீர். அதைவிட நான் தீவுக்கு வாறது சுகம்.”

பேர்லினில் பஸ் ஓட்டும் வேலை எடுக்க நீங்கள் எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஜெர்மன் மொழிச் சோதனையில் இரண்டு தடவை விழுந்து, மூன்றாம் தடவை எழும்பியவர் நீங்கள். அந்த வேலையை ஒரு கடிதத்தில் விட்டுவிட்டு இரண்டு பெட்டி, ஒரு அரிசி அவிக்கும் சட்டி, உங்கள் அக்கா வறுத்துத் தந்த மிளகாய்த்தூள் ஆகியவற்றோடு என் பின்னால் வந்தீர்கள்.

முதல் மாதம் நினைவிருக்கிறதா? மேட்டில் இருந்த அந்த மஞ்சள் வீடு. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குளிக்க வேண்டும், குடிக்க வேண்டும். கரண்ட் நினைத்த நேரம் போகும். சமையலறைச் சுவரில் எறும்பு வரிசை. வந்த இரண்டாம் கிழமையே நான் ஒப்பாரி வைத்தேன், திரும்பிப் போவோம் என்று. நீங்கள் சந்தைக்குப் போய், ஊரில் கறி வைக்கிற ஈரப்பலாக்காய் ஒன்றோடு வந்தீர்கள். அதைக் கண்டவுடன் சொந்தக்காரரைக் கண்டது மாதிரி இருந்தது என்றீர்கள். அன்று வைத்த கறியில் கீழ்வீட்டுக்கார மிஸ் ஆக்னஸுக்கும் ஒரு கிண்ணம் போனது. அந்த அம்மா தேடிவந்து, இவ்வளவு உறைப்பை மனிதர் சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டு இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனா.

ஆனால் அந்த வாழ்க்கை உங்களுக்கு லேசாக இருக்கவில்லை. படிப்பவரின் துணையாக வந்தவர் அங்கே வேலை செய்ய முடியாது. பதினேழு வயதிலிருந்து ஒரு நாளும் சும்மா இருக்காத ஆள், காலையில் எனக்குச் சாப்பாடு கட்டித் தந்துவிட்டு, பிறகு மாலை வரை என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தைக் கூட்டினீர்கள். மத்தியானங்களில் மினி பஸ்ஸில் ஏறி, சாரதிக்குப் பக்கத்தில் இருந்து, தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவீர்கள். இறங்குகிற தேவை இல்லாமலே. அதைக் கேட்டு நான் சிரித்தேன். நான் உடற்கூற்றுப் புத்தகத்தோடு அறைக்குள் கதவை மூடிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை வருடத்தில் நீங்கள் ஒரு தடவையாவது திரும்பிப் போக நினைத்தீர்களா? நான் கேட்கவே இல்லை.

இரண்டாம் வருட நடுவில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் நோவு, எலும்பெல்லாம் முறிக்கிறது என்றீர்கள். டெங்கு என்று எனக்குத் தெரியும். கல்லூரிக்குப் பக்கத்து மருத்துவ நிலையத்தில் இரத்தம் எடுத்து, அதுதான் என்று சொல்லி, தண்ணீரும் பரசிற்றமோலும் போதும், ஏதாவது மாறினால் உடனே வாருங்கள் என்று அனுப்பினார்கள். நாலு நாள் நெருப்பாய்க் கொதித்தீர்கள். ஐந்தாம் நாள் விடிய உடம்பு குளிர்ந்திருந்தது.

அன்றைக்கு எனக்குப் பரீட்சை. அதில் தவறினால் முழு அரையாண்டையும் திரும்பப் படிக்க வேண்டும்.

“காய்ச்சல் விட்டிட்டுது. நீர் யோசிக்காமல் போம்,” என்றீர்கள்.

“முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு? எங்கையாவது நோகுதோ?”

“வயித்துக்க ஒரு குத்து. நாலு நாள் சாப்பிடாத வயிறு. குத்தாமல் என்ன செய்யும்?”

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, படித்த மாதிரியே உங்கள் வயிற்றில் கை வைத்து அழுத்தினேன். வலப்பக்க விலாவுக்குக் கீழே தொட்டபோது கண்ணை இறுக்கி மூடினீர்கள். குடித்த தண்ணீரை ஒரு தடவை சத்தியும் எடுத்தீர்கள். அப்போது மணி ஆறரை.

நேசன், டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் பயப்பட வேண்டிய நாள். காய்ச்சல் விட்டு வயிறு நொந்தால் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். எனக்கு இது தெரியாமல் இல்லை. முந்திய அரையாண்டில் படித்து, மஞ்சள் மையால் கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தக் காலையில் அது என் மனதில் வந்தது. வந்ததை நான் தள்ளிவிட்டேன். மத்தியானம் வந்து கூட்டிக்கொண்டு போவோம், ஐந்து மணித்தியாலம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உங்கள் தலைமாட்டில் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டுப் போனேன்.

மத்தியானம் நான் திரும்பி வந்தபோது குளியலறை நிலத்தில் கிடந்தீர்கள். கை கால் ஐஸ். மிஸ் ஆக்னஸின் மருமகனின் காரில் உங்களை ஏற்றினோம்.

தீவு வைத்தியசாலையில் இருந்தவர் ஒரு இளம் பெண் வைத்தியர். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். சேலைன் ஏற்றிக்கொண்டே கேட்டார்: வயிற்று நோவு எத்தனை மணிக்குத் தொடங்கியது? என் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கியது. அதை அவர் பார்த்தார்.

மத்தியானம் என்று சொன்னேன்.

அவர் நோயாளிப் பதிவில் மத்தியானம் என்று எழுதினார். அப்படியென்றால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, நேரம் இருக்கிறது, நீர் ஏற்றிப் பார்த்துவிட்டு வேண்டுமென்றால் பெரிய தீவுக்கு விமானத்தில் அனுப்பலாம் என்றார். விமானத்துக்குச் சொன்னபோது பின்னேரம் கடந்திருந்தது. அது மறுநாள் காலையில்தான் வரும் என்றார்கள். விமானம் வந்தது. நீங்கள் அதற்கு ஒரு மணித்தியாலம் முந்தியே போய்விட்டீர்கள்.

ஆறரை என்று சொல்லியிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களா? எனக்குத் தெரியாது. இங்கே ஒரு வைத்தியரிடம் யாரோ ஒருவருடைய கதை மாதிரிச் சொல்லிக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தச் சொல்ல முடியாததோடுதான் நான் எழும்புகிறேன், படுக்கிறேன்.

உங்கள் சாம்பலைப் பேர்லினுக்குக் கொண்டுவந்த கிழமையில் பரீட்சை முடிவு வந்தது. சித்தியடைந்திருந்தேன்.

இனி உங்கள் அக்காவைப் பற்றி. உங்களை வளர்த்து, ஜெர்மனிக்குக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் கழுவிக்கொண்டே உங்களுக்கு மொழி படிப்பித்தவ. எனக்கு மச்சாள். முதலில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. பிறகு அழுகை காய்ந்து கோபமாகியது. “அங்கத்தையாக்கள் என்ர தம்பியைப் பாக்காமல் விட்டுச் சாக்காட்டிப் போட்டாங்கள்” என்று எல்லோரிடமும் சொன்னா. வைத்தியசாலைப் பத்திரங்களை எடுப்பித்து, ஒரு சட்டத்தரணியைப் பிடித்தா. அந்தப் பெண் வைத்தியரின் பெயரைப் போட்டு முறைப்பாடு. இனிமேல் அவள் ஒருத்தருக்கும் ஊசி பிடிக்கக் கூடாது என்பதுதான் மச்சாளின் ஒரே பிடிவாதம்.

ஒரு ஞாயிறு மத்தியானம் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டா. சட்டத்தரணியைச் சந்திக்க அடுத்த கிழமை டெர்மின் எடுத்திருந்தா. நான் சாட்சியாகக் கையெழுத்து வைக்க வேண்டும். குசினி மேசையில் பத்திரங்கள், பக்கத்தில் பயத்தங்காய் முறித்தபடி மச்சாள்.

“இதில வைச்சுவிடும். மிச்சத்தை அவர் எழுதுவார்.”

அந்தத் தாளில் ‘நோவு தொடங்கிய நேரம்: மத்தியானம்’ என்று இருந்தது. அதற்கடுத்த வரிகளெல்லாம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. நோவு தொடங்கிய கையோடே நோயாளியைக் கொண்டுவந்தும் பின்னேரம் வரை விமானம் கேட்கவில்லை என்று.

“மச்சாள், இது பிழை,” என்றேன்.

“எது?”

“மத்தியானம் இல்லை. விடியக் காலமையே அவருக்கு வயித்துக்குத்து. சத்தியும் எடுத்தவர். எனக்குத் தெரியும்.”

“என்னண்டு தெரியும்?”

“நான் கை வைச்சுப் பாத்தனான்.”

பயத்தங்காய் முறிக்கிற சத்தம் நின்றது. “பாத்திட்டு?”

“சோதினைக்குப் போனனான்.”

முறித்த காயை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மச்சாள் கேட்டா: “அவன் போகச் சொன்னவனோ?”

“ஓம். ஆனா அவருக்கு அது என்னண்டு தெரியாது. எனக்குத் தெரியும். டொக்டரிட்டைப் பொய் சொன்னதும் நான்தான். வெக்கத்தில சொன்னனான்.”

மச்சாள் எழுந்து அடுப்பை நிறுத்தினா. என்னைப் பார்க்கவில்லை.

“எழும்பிப் போம் வாசுகி. என்னால இப்ப உம்மோட இருக்க ஏலாது.”

போனேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் தொலைபேசி இல்லை. முறைப்பாட்டை நிறுத்திவிட்டதாகச் சட்டத்தரணியிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் மட்டும் வந்தது. வெளியே அவ ஒருவருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றவா, உங்கள் பெயர் இதில் இழுபடக் கூடாது என்றா? கதை மட்டும் கோயிலில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் ஆண்டுத் திதிக்கு மச்சாள் வந்தா. மண்டபத்தின் மறுபக்கத்தில் நின்றா. எல்லாம் முடிந்து, நான் காலணி போடுகிற இடத்தில் பக்கத்தில் வந்து நின்று, தன் காலணியைப் பார்த்தபடி சொன்னா:

“உம்மை மன்னிச்சிட்டன் எண்டு நினையாதையும்.”

“இல்லை மச்சாள்.”

“படிப்பை முடிச்சுப்போடும். நீர் அதையும் விட்டா, அவன் அங்க ஏன் போனவன் எண்டு நான் ஆரைக் கேக்கிறது?”

பதிலுக்குக் காத்திருக்காமல் ரயில் நிலையப் பக்கம் நடந்துவிட்டா.

நேசன், கல்லூரிக்கு எழுதினேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று பதில் வந்திருக்கிறது. வருகிற தை மாதம் போகிறேன், தனியாக. அங்கே போய் எப்படிச் சமைப்பேன், எப்படிப் படுப்பேன், அந்த மேட்டில் ஏறுகிற முதல் நாள் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல வைத்தியராவேன் என்று உங்களுக்குச் சொல்லவும் எனக்கு வாயில்லை.

ஒன்றே ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். தீவில் இறங்கியதும் கல்லூரிக்கு முன்னால் வைத்தியசாலைக்குப் போவேன். அந்தப் பெண் வைத்தியரைக் கேட்டு, எவ்வளவு நேரமானாலும் வாசலில் காத்திருந்து, அவர் முகத்தைப் பார்த்து ஆறரை மணி என்று சொல்வேன். ஒரு வருடத்துக்கு மேலாக அவர் தன் பதிவையே திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும். பிழை அவருடையதில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்பேன்.

உங்களோடு இருக்காமல் அந்தக் காலையில் எழும்பிப் போன,
இன்றைக்கும் உங்கள் மனைவி,
வாசுகி