விலைப் பெட்டி காலியாக இருக்கட்டும்

என் ஷகிலாவுக்கு,

உன் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. நான் விடவில்லை என்பதுதான் சரி. ஸ்ரீரங்கத்து ஆபீஸ் ஏசி பழையபடி உன் மேஜைமேல்தான் சொட்டுகிறது. சுகமாக இருக்கிறாயா?

ஒரு சேதி. நம் மாட்டுச் சந்தை ஆப்பில், விலையைப் போட்டால்தான் அடுத்த பக்கம் போக முடியும் என்று மாற்றச் சொல்கிறார் புது மேனேஜர். மேண்டேட்டரி ஃபீல்டாம். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று காட்டும், நீ சண்டை போட்டு நீக்கிய அதே சிவப்பு நட்சத்திரம்.

மணப்பாறைச் சந்தையில் நாம் செய்த முதல் டெஸ்டிங் நினைவிருக்கிறதா? ஆளாளுக்கு விலைப் பெட்டியில் வெறும் ஒன்று என்று போட்டிருந்தார்கள். புரோகிராமில் ஏதோ பக், பிழை என்று நினைத்து நான் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து கோடைத் தோண்டினேன். நீ வியாபாரிகளின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பக் கோடுல இல்லடி உமா. பக்கத்துல நிக்கிறவனுக்கே விலையைச் சொல்லாத ஆளுங்ககிட்ட, ஊருக்கே தெரியிற மாதிரி போடுங்கன்னு கேட்டிருக்கோம்" என்றாய்.

யூசர் எக்ஸ்பீரியன்ஸ் என்று காலேஜில் படித்தது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. விருப்பமிருந்தால் விலை போடலாம் என்று மாற்றி, பக்கத்தில் 'நேரில் பேசலாம்' என்று ஒரு பச்சைப் பட்டன் வைத்தாய். அதன்பிறகுதான் ஆப்பில் மாடுகள் வர ஆரம்பித்தன. புது மேனேஜர் இப்போது அந்தப் பட்டனையும் எடுக்கச் சொல்கிறார்.

"சார், ஒரு நாள் சந்தைக்கு வந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றேன். "டெட்லைன் இருக்கும்மா, அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்" என்றார். அடுத்த ரிலீஸ் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாததா?

போன வெள்ளிக்கிழமை, நீ இறந்த நாற்பதாம் நாளுக்கு, பாலக்கரையில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் என் மடியில் ஏறிக்கொண்டு, சித்தி என்று உருதுவில் கூப்பிட்டு, "காலா, அம்மி செஞ்சதைக் காட்டுங்க" என்றாள். அவள் அம்மா செய்த ஆப்பைத் திறந்து கொடுத்தேன். பச்சைப் பட்டனையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். அழுதுவிட்டேன், ஷகிலா.

டிசைனர் அப்ரூவ் செய்யாமல் எந்தத் திரையும் மாறாது என்பது நம் ஆபீஸ் வழக்கம். உன் இடத்துக்குப் புது ஆள் வரும்வரை அந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை கையெழுத்துக்கு வருகிறது. மறுத்தால் என் வேலைக்கே உலை வைப்பார்கள் என்று டீமில் பயமுறுத்துகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் அப்ரூவ் செய்ய மாட்டேன். உன் மகள் அடுத்த முறை கேட்கும்போதும் அந்தப் பட்டன் அங்கே இருக்கும்.

உன் மகளின் காலா,
உமா