உன் வீட்டில் செத்த பேட்டரிகள்

இன்று காலை செஞ்சி பஜாரில் ஒரு பேட்டரிக் கடை வாசலில் நின்றிருந்தேன். நான் கொண்டுபோன பேட்டரியின் மூடியைக் கடைக்காரர் திறந்ததும் ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. நம் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையின் பின்பக்கம் அடிக்கும் அதே நெடி. உன் புடவைத் தலைப்பெல்லாம் பொத்தல் பொத்தலாக இருக்குமே, அதைச் செய்த ஆசிட்டின் நெடி. எனக்குக் கண்ணில் நீர் கட்டியது. ஆசிட்டால்தான் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

"இதுல ஒண்ணும் இல்ல டீச்சர். உள்ள பிளேட்டெல்லாம் வெள்ளையா பூத்துப் போச்சி. எடைக்குதான் போடணும். இன்னா பண்ணீங்க இத? நல்ல பேட்டரி ஆச்சே" என்றார்.

என்னவென்று சொல்வது? நீ செத்துப் போனாய், உனக்காக இதையும் கொன்றோம் என்று நடுபஜாரில் நின்று சொல்ல முடியுமா? சும்மா தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அடியே, நம் பள்ளியில் கரென்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று எவனுக்கும் தெரியாத காலத்தில்தான் நீ வந்தாய். தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆசிரியை. கூரைமேல் சோலார் தகடுகளைப் பொருத்திவிட்டு வந்தவர்கள் போய்விட்டார்கள். அதற்கப்புறம் அதைக் கட்டிக்கொண்டு அழுதது நீதான். பக்கத்துக் கல் கிரஷரின் தூசி படிந்தால் துடைத்தாய். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினாய். பள்ளியில் ஒட்டியிருந்த டைம்டேபிளை நீ ஒருநாளும் மதித்ததில்லை. வானத்தைப் பார்த்துப் பீரியட் வைத்தாய்.

நான் கரும்பலகையில் பாதிக் கணக்கில் நிற்பேன். கதவருகே உன் தலை தெரியும். "அக்கா, நல்ல வெயில் வந்துடுச்சி. பத்தாங்கிளாஸ குடு."

"வெளையாடுறியா? கணக்கு பாதியில நிக்குது."

"கணக்கு எங்கக்கா ஓடிடப் போவுது? வெயில் ஓடிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பெண்கள் அதற்குள் எழுந்து நின்றிருப்பார்கள். செருப்பைக் கழற்றிப்போட்டு ஓடுகிற அவர்களின் முகத்தைப் பார்த்தபிறகு எப்படித் திட்டுவது? நீ இல்லாதபோது திட்டினேன். இருக்கும்போதும் திட்டினேன். மத்தியானம் உன் டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்டேன்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் நீ ராட்சசி. ஹெட்மாஸ்டர் ஒருநாள் செல்போனைச் சார்ஜ் போட வந்தார். "சார், இது புள்ளைங்க கரென்ட்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாய். நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிவப்பு விளக்கு எரிந்தால் யார் எதை அடித்துக்கொண்டிருந்தாலும் உடனே நிறுத்திவிடுவாய். "பேட்டரிய பசியோட படுக்க வெக்கக் கூடாது, எழுந்திருக்காது" என்பாய். பெண்கள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள்.

போன கார்த்திகையில் புயல் வந்தது. உனக்குக் காய்ச்சல். பாலத்தின்மேல் தண்ணீர் ஓடியதால் ஆம்புலன்ஸ் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்தபோது உன்னைக் கொண்டுபோக வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று.  வெறும் காய்ச்சல். ஒரு பாலம்.

உன் தம்பி குவைத்திலிருந்து வரவேண்டும். நீ படிக்கவைத்த பிள்ளை. அவன் முகம் பார்க்காமல் உன்னை எடுக்க உன் நைனாவுக்கு மனசில்லை. யாருக்குத்தான் இருக்கும்? செஞ்சியிலிருந்து டிராக்டரில் ஐஸ் பெட்டி வந்தது. ஊரில் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது, கரென்ட் இல்லை. சுற்று வட்டாரத்தில் ஒரு ஜெனரேட்டர் கிடைக்கவில்லை. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் பேட்டரி இருக்கிறதே என்று. ஹெட்மாஸ்டரே சாவியைக் கொடுத்தார். அழுதுகொண்டேதான் கொடுத்தார்.

உன் பேட்டரிகளையும் இன்வெர்ட்டரையும் அதே டிராக்டரில் ஏற்றி வந்து உன் தலைமாட்டில் வைத்தார்கள். பெட்டி ஓடியது. மறுநாள் இன்வெர்ட்டர் கீகீ என்று கத்த ஆரம்பித்தது. அணைப்பார்கள், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போடுவார்கள். மறுபடி கத்தும். வாசலில் யூனிபார்மோடு நின்ற உன் பெண்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். "செவப்பு எரியுது மிஸ். நிறுத்தச் சொல்லுங்க மிஸ்."

உன் நைனாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எம்பொண்ண விட பேட்டரி பெருசா டீச்சர்?"

பெண்களைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். 

தம்பி வந்தான். உன்னைக் கட்டிக்கொண்டு அழுதான். உன்னை எடுத்தார்கள். மறுநாளே பேட்டரியைக் கேட்டுப் போனேன், உடனே சார்ஜ் ஏற்றினால் பிழைத்துக்கொள்ளும் என்று. உன் அத்தை வாசலை மறித்துக்கொண்டார். "சாவு வூட்டு சாமான படிக்கிற எடத்துக்குக் கொண்டும்போறியா? கருமாதி ஆவட்டும். புள்ளைங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா நீ பதில் சொல்லுவியா?" ஹெட்மாஸ்டரும் ஊர்ப்பொல்லாப்பு வேண்டாம் என்றார். மாட்டுக்கொட்டகையில் ஒரு கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, காலி வயிற்றோடு, கருமாதி வரைக்கும் அவை கிடந்தன. அந்த நாளெல்லாம் என்ன வெயில் தெரியுமா! நீ இருந்திருந்தால் நான் ஒரு கணக்கும் முடித்திருக்க முடியாது.

காரியம் முடிந்ததும் சூடம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். மாட்டினோம். சார்ஜ் ஏறவேயில்லை. குவைத்துக்குத் திரும்புமுன் உன் தம்பி பள்ளிக்கு வந்து என் காலைத் தொட்டான். "அக்கா மொகம் தூங்குற மாதிரியே இருந்திச்சி டீச்சர். எல்லாம் உங்க புண்ணியம்." பக்கத்தில் உன் கம்ப்யூட்டர் அறையில் பூட்டு தொங்கியது. 

புதிய பேட்டரி கேட்டு எழுதிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம், வரவில்லை. கரும்பலகையில் நான் கீபோர்டு வரைகிறேன், பிள்ளைகள் டெஸ்க்கின்மேல் விரலால் தட்டுகிறார்கள். பதினொன்றில் கம்ப்யூட்டர் குரூப்தான் எடுப்பேன் என்று உன்னிடம் சத்தியம் செய்த பெண்கள் ஒருத்தியும் எடுக்கவில்லை. "மத்த ஸ்கூல் புள்ளைங்கல்லாம் அடிச்சிப் பழகி வருவாங்க, நாங்க முழிச்சினு நிக்கணுமா மிஸ்?" என்றார்கள். நீ இருந்தால் காதைத் திருகியிருப்பாய். எனக்குக் கை வரவில்லை.

யார்மேல் கோபப்படுவது? எல்லோரும் உன்மேல் உயிரை வைத்திருந்தவர்கள். உனக்காகத்தான் எல்லாம் செய்தார்கள். ஆனால் உன்னைக் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். பெட்டியிலிருந்து எழுந்து வந்து நீயே ஒயரைப் பிடுங்கியிருப்பாய்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து என் மகன் போன் செய்தான். சாப்பாடு, உடம்பு எல்லாம் பேசி முடித்ததும் சொன்னேன்.

"நான் போயிட்டா யாருக்காகவும் வெச்சினு இருக்கக் கூடாது. அன்னிக்கே எடுத்துடணும். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

"இன்னாம்மா பேச்சு இது? நான் வர வேணாமா?"

"வா. ஆனா உனக்காகவும் வெச்சிருக்க மாட்டாங்க."

அவன் அழுதுவிட்டான். அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிற பிள்ளை. சும்மா சொன்னேன்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்தது. சொல்லவில்லையடி.