புள்ளியிட்ட இடம்

இல்லத்தில் இல்லாத என் இல்லாளுக்கு,

கல்வெட்டியல் படிக்கப் போன ஊரிலிருந்து நேற்று தொலைபேசியில், "படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், பெட்டியைக் கட்டிட்டேன்" என்று அழுதாய். அழுகிறவளுடன் வாதிடுவது முறையன்று என்பதால் எழுதுகிறேன்.

நடந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா, பார். பழங்காலக் கல்வெட்டு ஒன்றிலிருந்து தாளில் ஒற்றி எடுத்த மைப்படியை வாசிக்கக் கொடுத்தார்கள். அரசன் பெயர் வரவேண்டிய இடத்தில் கல் சிதைந்திருந்தது. மற்ற எல்லோரும் காலத்தைக் கணித்து ஒரு பெயரை நிரப்பினார்கள். நீ மட்டும், படிக்க முடியவில்லை என்பதற்கு அடையாளமாகப் புள்ளிகள் இட்டாய். "இவ்வளவு பயந்தா ஆராய்ச்சி எப்படிம்மா பண்ணுவீங்க?" என்று பேராசிரியர் கேட்க, வகுப்பே சிரித்தது.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. தெரியாததைத் தெரியாது என்று எழுதுபவர்களை அங்கே விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்ணில் படாததை எழுத மறுக்கும் கைக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நான் அறிவேன்.

நிலைக்கண்ணாடி உடைந்த அன்று வீடே நம் மகள்மீது பாய்ந்தது. "உடைச்சதை யாரு பார்த்தீங்க?" என்று கேட்டவள் நீ ஒருத்திதான். அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். ஆராய்ச்சி முறையியல் என்று அதற்கொரு பெயர் இருப்பது, நீ விட்டுச்சென்ற பாடநூலைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

"அம்மா வந்தா உங்க சமையல்லேருந்து எனக்கு விடுதலைதான்ப்பா. ஆனா அழுதுட்டு வரவேணாம், ஜெயிச்சுட்டு வரட்டும்" என்கிறாள் மகள். நான் வழிமொழிகிறேன். பெட்டியைப் பிரி. நாளை வகுப்புக்குப் போய், அதே இடத்தில் அதே புள்ளிகளை மறுபடி இடு.

நீ இங்கே இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. இந்த ஒரு கூற்றுக்கு மட்டும் ஆதாரம் கேட்காதே.

உன் விதிகளுக்கு உட்பட்ட,
கணவன்