தாழியை உடைத்தவன்

நேற்று எங்கள் அஸ்தினாபுரம் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினார்கள். அடியாழத்துச் செம்மண்ணை அள்ளி என் வாசலில் கொட்டினதும், ஈரமும் துருவும் கலந்த அந்த வாடை வீட்டுக்குள் வந்தது. எனக்கு நெஞ்சு படபடத்துப் போயிற்று. மருமகள் பயந்து சர்க்கரை டப்பாவை நீட்டினாள். சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக உன்னிடம் மறைத்த ஒரு பொய். நீ செத்துப் போய் மூன்று மாதம் கழித்துச் சொல்ல வருகிறேன்டா, என்ன ஜென்மமோ நான்.

அறுபதுகளின் கடைசி. நாம் பி.ஏ. சரித்திரம் இரண்டாம் வருஷம். பரீட்சைக்காகத் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கிராஃப் தாள்களை ஒட்டி நீ ஒரு பெரிய அட்டவணை போட்டாய். எகிப்து, சுமேரியா, சீனா, சிந்துவெளி என்று நான்கு பத்தி. கடவுள், நீதி, பெண்கள், சாவு என்று வரிசை. மின்சார ரயில் வரும்போது தாள் பறக்காமல் இருக்க நான் செருப்பைத் தூக்கி வைப்பேன். சாமி பேர் எழுதியிருக்கிறது என்று நீ அதை எடுத்துப் போடுவாய். ஞாயிறு பூசை தவறாத கிறிஸ்தவன், ஆனால் எந்த ஊர் சாமிக்கும் உன்னிடம் மரியாதை உண்டு. எகிப்துக்காரன் பிணத்தோடு ரொட்டியும் வைத்துப் புதைத்தான் என்று படித்து, செத்தவனுக்கு எதுக்குடா சோறு என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "போனவங்கள எப்படி அனுப்பி வெச்சாங்கன்னு பாருடா. மத்ததெல்லாம் அப்புறம் படிக்கலாம்" என்றாய்.

அந்த வாரமே, அஸ்தினாபுரத்தில் அப்பா வாங்கிய மனையில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். மண் வெட்ட வந்த முனுசாமியின் கடப்பாரை எதிலோ இடித்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரு முதுமக்கள் தாழி. மூடியை நகர்த்தி நீயும் நானும் எட்டிப் பார்த்தோம். சின்னச் சின்ன எலும்புகள், ஒரு கிண்ணம், அரிசி மாதிரி நான்கு பால் பற்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்ததை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம், இங்கே காலடியில் ஒரு குழந்தை படுத்திருந்தது. உன் முகம் வெளுத்துவிட்டது. "யார் வூட்டுக் கொழந்தையோடா" என்றாய். மறுநாள் காலை நம் புரொபசரைக் கூட்டி வருகிறேன், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாய்.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். சுடுகாட்டு மனை என்று பேர் கிளம்பினால் அக்காவைப் பெண் பார்க்க எவன் வருவான் என்றார். உடைத்து அஸ்திவாரத்திலேயே போட்டு மூடச் சொன்னார். முனுசாமி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். "கொயந்த கீது சார் உள்ள. நான் ஒடைக்க மாட்டேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். விடிந்ததும் நான்தான் போய் உடைத்தேன். நாலு போடு போட்டால் போதும் என்று நினைத்தேன். லேசில் உடையவில்லை, ஒரு மணி நேரம் அடித்தேன். முனுசாமி எலும்புகளைப் பொறுக்கித் தன் துண்டில் முடிந்துகொண்டார்.

நீ புரொபசரோடு வந்தபோது ஓடுகள்தான் கிடந்தன. யார் உடைத்தது என்று கேட்டாய். முனுசாமிதான், தெரியாமல் கடப்பாரை பட்டுவிட்டது என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அன்று உன் அப்பா வயசு மனிதரை மிருகம் என்றாய். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னா பண்றது சார், பட்டுட்ச்சி" என்றார். எனக்கு நின்ற இடத்திலேயே உயிர் போய்விட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

புரொபசர் ஓடுகளைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். எலும்புகளை நாம் மூவரும் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனோம். குழியில் வைத்ததும் நீ சிலுவை போடப் போய் நிறுத்திக்கொண்டாய். நான் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன், அதையும் வேண்டாம் என்றாய். "எந்தச் சாமியக் கும்பிட்ட கொழந்தையோ, நமக்குத் தெரியாதுடா." நான்கு பத்தி அட்டவணை போட்டவர்கள் இரண்டு பேரும் விழித்துக்கொண்டு நின்றோம். முனுசாமி தன் தூக்குச் சட்டியைத் திறந்து, மத்தியானச் சோற்றில் ஒரு பிடி எடுத்துக் குழியில் வைத்தார். பசியோடு போகக்கூடாது என்றார்.

வீடு எழும்பியது. அக்கா கல்யாணத்துக்கு அந்த வாசலில்தான் பந்தல் போட்டோம். கிறிஸ்துமஸ் தவறாமல் நீ கேக்கோடு வருவாய், பொங்கலன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாய். அந்தத் தாழிப் பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம் நீ சட்டென்று வேறு எதையாவது கேட்பாய். தப்பித்தோம் என்று நானும் விட்டுவிடுவேன்.

துக்கம் கேட்கப் போன அன்று உன் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"அவருக்குத் தெரியும்ணா. அன்னைக்கே தெரியும். ஏரிக்கரையில மண்ணத் தள்றப்போ உங்க கையில கொப்புளம் ஒடைஞ்சு ரத்தம் வந்துச்சாம். அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் முனுசாமி வீட்டுக்குப் போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்தாராம். முனுசாமி அப்பவும் உங்களக் காட்டிக் குடுக்கலையாம்."

அடப்பாவி. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் தெரிந்துகொண்டேதான் என் வீட்டில் சாப்பிட்டாயா? நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயா, சொல்லி நான் கூனிக் குறுகக்கூடாது என்று பேச்சை மாற்றினாயா? இனி யாரிடம் கேட்பேன்? முனுசாமியிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பை நீ கேட்டுவிட்டாய். அவரும் போய் வெகுநாளாகிறது. உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்திருந்த வரைக்கும் எப்படியோ தாங்கினேன். ஏமாறவே இல்லை நீ என்று தெரிந்த பிறகுதான் தாங்க முடியவில்லை.

ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாமேடா.