பொட்டலம் கட்டாத அசனம்

சேசு மரி சூசை முன்னால் நடக்க, நம்ம ஊர் அந்தோனியார் பின்னால் தள்ள

தேவாரம் பக்கம்
20.6.2006

என் அக்கா பெற்ற சிங்கமும், மஸ்கட் தேசத்தில் செத்த மோட்டாருக்கெல்லாம் உயிர் கொடுக்கும் மெக்கானிக்குமான அன்பு மருமகன் ஞானசிகாமணிக்கு, உன் தாய்மாமன் சவரியப்பன் முழு ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது.

இங்கன நானும் உன் அத்தையும் உன் தங்கச்சி அன்னத்தாயும் உசுரோடயும் தெம்போடயும் இருக்கோம். மலைக்கு அந்தப்பக்கம் மழை கொட்டுறதால இங்கன சாரலும் காத்துமா கிடக்கு. போன வாரம் காத்துல சாஞ்ச தென்னை மரத்தை நான் ஒத்தையாளா தோள் கொடுத்து நிமித்தி விட்டேன். தேவாரம் சந்தையில இன்னைக்கும் அதுதான் பேச்சு. மரம் மறுபடி விழுந்துருச்சு, அது மரத்தோட குத்தம்.

உன் கடுதாசி அந்தோனியார் திருநாளுக்கு முந்தியே வந்துருச்சு. பதில் ஏன் தாமசம்னு நினைப்ப. பதிலை முதல்ல செஞ்சு முடிச்சிட்டு, அப்புறமா எழுதுவோம்னுதான் பொறுத்திருந்தேன்.

அன்னத்தாய் கேட்டா, அண்ணன் என்ன மாமா எழுதியிருக்குன்னு. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சேன். அன்புத் தங்கச்சி, வேளாவேளைக்குச் சாப்பிடு, மாத்திரையை மறக்காதே, அங்கன குளிருக்கு நல்ல போர்வை ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்னு ரெண்டு பாரா வாசிச்சேன். பிள்ளை முகம் தெளிஞ்சு போச்சு. நீ எழுதுனதை விட ரொம்ப நல்லாவே எழுதியிருந்த மருமகனே. போர்வை ஒண்ணு வாங்கிரு.

நீ நெசமா எழுதுனது எனக்கும் அந்தோனியாருக்கும் மட்டும்தான் தெரியும். மதுரையில ஏதோ இல்லம் இருக்காம், அங்க அவளைக் கொண்டுபோய்ச் சேத்துருங்க, திருநாள் அசனப் பந்தியில அவ அகப்பையைத் தொடக்கூடாது, நாலு பேர் முன்னால நம்ம மானம் போகுது, அவ இருக்கிற வீட்டுக்கு கிறிஸ்மஸுக்கு நான் வரமாட்டேன். இப்படித்தானே எழுதியிருந்த? உனக்கு இதையெல்லாம் போன் போட்டு ஓதுனது இன்னாசி வாத்தியார்தான்னு எனக்குத் தெரியும். பங்குப் பேரவைச் செயலாளர் இல்லையா, ஜெபத்துக்கு முந்தி போன் போடுவாரு. அவர் சொன்னது ஒரு பக்கம். நடந்ததை நடந்தபடி நான் சொல்றேன், கேட்டுக்க. நான் எதையும் கூட்டிச் சொல்ற ஆள் இல்லேன்னு உனக்கே தெரியும்.

அன்னத்தாய் புருசன், உன் மச்சான், லாரியில வடக்க போயி வந்து, காய்ச்சல்ல விழுந்து செத்தானே, அதுக்கப்புறம் அன்னத்தாய்க்கும் காய்ச்சல் விட்டு விட்டு அடிச்சுச்சு. பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். ரத்தம் எடுத்தாக. மறுபடி வரச்சொல்லி உள்ள கூப்பிட்டு அவகிட்ட மட்டும் பேசுனாக. வெளியே வந்தவ, பாசிட்டிவ்னு சொல்லிட்டாக மாமான்னு சொல்லி அழுதா. நான் படிச்சது அந்தக் காலத்து ஏழாங்கிளாஸ், இப்ப உள்ள பி.ஏ.வுக்குச் சமம். பாசிட்டிவ்னா நல்லது, நெகட்டிவ்னா கெட்டதுன்னு எனக்குத் தெரியாதா? பிள்ளை சந்தோசத்துல அழுகுதுன்னு நினைச்சு ஆஸ்பத்திரி வாசல்லயே அவளுக்கு சர்பத் வாங்கிக் கொடுத்தேன்.

அது செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அந்தோனியார் நவநாள். நன்றிகளும் விண்ணப்பங்களும் வாசிக்கிறது எப்பவும் நான்தானே. என் குரலுக்கு மைக்கே தேவையில்லைன்னு பிஷப் ஆண்டவரே என் கையைப் பிடிச்சுச் சொன்னவரு. அன்னைக்கு மைக்கும் இருந்துச்சு, கோபுரத்துல குழாயும் இருந்துச்சு. எங்க அக்கா மகள் அன்னத்தாய்க்கு ரத்தப் பரிசோதனையில பாசிட்டிவ் வரச் செய்த கோடி அற்புதர் அந்தோனியாருக்கு நன்றி செலுத்துவோம்னு வாசிச்சேன். பாதிப் பேர் ஆமென்னு சொன்னாக. மீதிப் பேர் சொல்லல. காத்து நல்லா அடிச்சதுனால மந்தை வரைக்கும் கேட்டுச்சாம்.

இதைத் தப்புன்னு சொல்றாக. நான் சொல்லமாட்டேன். ஒளிஞ்சு மறைஞ்சு மருந்து சாப்பிட வேண்டிய பிள்ளை இப்ப ஊரறியச் சாப்பிடுது, எல்லாம் பரிசுத்த ஆவியோட ஏற்பாடு. அதுக்கப்புறம் நான் மைக்குல வாசிக்கிறதில்ல. தொண்டை சரியில்ல, வேற ஒண்ணுமில்ல.

மறு ஞாயித்துக்கிழமை பூசையில அன்னத்தாய் உட்கார்ந்த பாயில வேற யாரும் உட்காரல. நம்ம சாமியார் வயசுல சின்னவரு, ஆனா விவரமானவரு. ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து, எச்.ஐ.வி.ங்கிறது கூட உட்கார்ந்தா ஒட்டாது, சோறு தின்னா ஒட்டாதுன்னு பாட்டம் பாட்டமா சொல்ல வெச்சாரு. சிஸ்டர் திணறுன இடத்துல எல்லாம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சனங்க தலையைத் தலையை ஆட்டுச்சுக. ஆட்டிட்டு, அடுத்த வாரமும் அந்தப் பாய் காலியாத்தான் கிடந்துச்சு. உன் அத்தையும் நானும் போயி அதை நிரப்புனோம். உன் அத்தை ஒருத்தியே பாதிப் பாய்க்கு ஆவா.

அப்புறம்தான் அசனத்துக்குக் கூட்டம் போட்டாக. உனக்கு மறந்திருந்தா ஞாபகப்படுத்துறேன். காலரா வந்து ஊரே தோட்டம் தொரவுன்னு ஓடிப்போனப்ப, சீக்காளிகளுக்குக் கஞ்சி காய்ச்சி வாயில ஊத்துனது நம்ம வீட்டுப் பொம்பளை. அதுல இருந்துதான் அந்தோனியார் அசனத்துல முதல் அகப்பை நம்ம வீட்டுப் பொம்பளை கையினால விழணும்னு ஆச்சு. உங்க அம்மா ஊத்துனா, அவளுக்குப் பிறகு அன்னத்தாய் ஊத்துறா. இன்னாசி வாத்தியார் எந்திரிச்சு என்ன சொன்னாருங்கிற? வெளியூர்ல இருந்து சனம் வரும், பயப்படும், இந்த வருசம் வேற ஆள் ஊத்தட்டும், அன்னத்தாய்க்கு நல்ல பெரிய பொட்டலமாக் கட்டி வீட்டுக்கே அனுப்பிருவோம், அதுவும் தர்மம்தானேன்னாரு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். அசனம்னா என்ன வாத்தியாரே, ஒரே வரிசையில உட்கார்ந்து ஒரே சட்டிச் சோத்தைத் திங்கிறதுக்குப் பேருதானே அசனம்? பொட்டலம் கட்டி வாசல்ல வெச்சிட்டு வந்தா அது ஓட்டல் பார்சல், அதுக்கு அந்தோனியார் எதுக்கு, அய்யர் மெஸ் போதும்னேன். உடனே வாத்தியார், பாசிட்டிவுக்கு அர்த்தம் தெரியாத ஆளெல்லாம் அசனத்துக்கு அர்த்தம் சொல்ல வந்தாச்சுன்னாரு. எல்லாரும் சிரிச்சாக. நான் சொன்னேன், எனக்கு இங்கிலீஸ் தெரியாது வாத்தியாரே, எங்க அக்கா மகளைத் தெரியும்னேன். சாமியார் மட்டும், அன்னத்தாயே ஊத்தட்டும், நானும் வந்து உட்காருறேன்னாரு. வாத்தியார், நீங்க உட்காருவீக சாமி, உங்க கூட இலைதான் உட்காரும், ஆள் உட்காராதுன்னு சொல்லிட்டுத் துண்டை உதறிக்கிட்டுப் போனாரு.

அன்னத்தாய்கிட்ட நான் கேட்டேன். ஆத்தா, நீ ஊத்துறியா, இல்ல மாமன் வேற ஏற்பாடு பண்ணவான்னு. அவ அரிசியில கல்லுப் பொறுக்கிக்கிட்டே, நான் பயந்துக்கிட்டு வீட்டுல உட்கார்ந்தா, நாளைக்கு இந்த ஊர்ல இன்னொருத்திக்கு இதே சீக்கு வந்தா அவ எங்க மாமா போவா, நான் ஊத்துறேன், குடிக்கிறவுக குடிக்கட்டும், குடிக்காதவுக போகட்டும்னா. அந்த வீம்பு உங்க அம்மா வீம்பு. எங்க வம்ச வீம்பு. உனக்கும் கொஞ்சம் இருக்கணும், தேடிப் பாரு.

திருநாள் வந்துச்சு. சப்பரம், மேளம், வாணவேடிக்கை எல்லாம் அமர்க்களம். கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட பருப்புக் குழம்பு கொதிச்ச வாசம் பொட்டிப்புரம் வரைக்கும் போயிருக்கும். கோயில் மைதானத்துல நீளமா இலை போட்டாச்சு. சாமியார் ஜெபம் சொல்லிச் சோத்தை மந்திரிச்சாரு. உங்க அம்மாவோட வாடாமல்லிச் சேலையைக் கட்டிக்கிட்டு அன்னத்தாய் அகப்பையும் கையுமா வந்து நின்னா. சனங்க எல்லாம் சுவரோரமா நின்னுச்சுக. ஒரு ஆளும் இலைக்கு முன்னால வரல. முன்னுக்கு யாராச்சும் போகட்டும்னு ஆளை ஆள் பாத்துக்கிட்டு நின்னாக. சாமியார் வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்காரப் போனாரு. நான், சாமி கொஞ்சம் பொறுங்க, நீங்க உட்கார்ந்தா கடமைக்கு உட்கார்ந்தீகன்னு சொல்லிருவாகன்னு சொல்லிட்டு, நடு இலையில போயி சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அம்புட்டு நீளப் பந்தியில நான் ஒத்தை ஆள். ராசா மாதிரி இருந்துச்சு, பொய் சொல்லல.

அன்னத்தாய் வந்து சோறு போட்டு, குழம்பு ஊத்துனா. நான் பிசைஞ்சு முதல் வாய் வெச்சேன். முதல் வாய்க்கு மட்டும் கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிட்டேன், காரம் கூட. ரெண்டாவது வாய் தேனா இறங்குச்சு. இன்னும் ஊத்து ஆத்தான்னேன். ஊத்துனா. இன்னும்னேன். சட்டியையே காலி பண்ணியிருப்பேன், வேட்டிதான் இடம் கொடுக்கல. சனம் பாத்துக்கிட்டே நின்னுச்சு. எனக்கும் தெரியுது மருமகனே, எம்புட்டு நேரம்தான் ஒருத்தனே திங்கிறது?

அப்ப சங்கிலியம்மாள் வந்தா. உனக்குத் தெரியுமே, மேலத்தெருவுல தக்காளித் தோட்டம் வெச்சிருக்கிறவ, நம்ம கிறிஸ்தவ வேதக்காரி கூட இல்ல. பேரன் பிறந்ததுக்கு அந்தோனியாருக்கு நேர்ந்துக்கிட்டு வருசா வருசம் அசனம் திங்க வருவா. கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து, ஏலே சவரியப்பா, தனியா உட்கார்ந்து திங்கிறியே, உனக்கு அப்பன் வீட்டுக் கல்யாணமா, நகந்து உட்காருன்னு என்னைத் தள்ளிட்டு உட்கார்ந்தா. யாரோ பின்னால இருந்து, ஆத்தா உனக்குப் பயமில்லையான்னு கேட்டாக. அவ திரும்பிக்கூடப் பாக்கல. நான் நேர்ந்துக்கிட்டது சாமிக்கு, உங்க கமிட்டிக்கு இல்லைன்னா. அன்னத்தாயைப் பாத்து, ஆத்தா, எனக்கு மாங்காத் துண்டாப் பாத்துப் போடுன்னா.

அதுக்கப்புறம் ஊரே உட்கார்ந்துச்சு. ஊரேன்னா, பாதி ஊர். சரி, நீ வாத்தியார்கிட்ட விசாரிப்ப, அதனால சொல்றேன், பாதியை விடக் கொஞ்சம் குறைச்சல். ஆனா உட்கார்ந்தவுக எல்லாம் வயிறாரத் தின்னாக. வாத்தியார் வரல. வாத்தியார் வீட்டம்மா வந்தாக, கடைசி இலையில முக்காட்டைப் போட்டுக்கிட்டு. நான் பாத்தேன்னு அவர்கிட்டச் சொல்லிராத.

சட்டியில சோறு நிறைய மிஞ்சிருச்சு. யாருக்காச்சும் கட்டிக் கொடுத்துருவோம்னு ஒருத்தர் சொன்னாரு. அன்னத்தாய் கேக்கல. கட்டிக் கொடுக்க வேண்டாம், ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போன ஜீப் எல்லாம் மலை இறங்குற நேரம்தானே மாமா, ரோட்டுக்குக் கொண்டு போவோம்னா. சட்டியோட தூக்கிட்டுப் போனோம், ஒரு பக்கம் நான், மறுபக்கம் சாமியார். கம்பம்மெட்டு இறங்கி வந்த ஜீப்புகளை நான் ரோட்டு நடுவுல கையை விரிச்சு நின்னு மறிச்சேன். களை எடுத்துட்டு, நனைஞ்சு, சேத்தும் சகதியுமா பொம்பளைக இறங்குச்சுக. புளிய மரத்தடியில வரிசையா உட்கார வெச்சு இலை போட்டோம். அதுல ஒருத்தி, அன்னத்தாய் விசயத்தை மைக்குல கேட்டவதான், ஒன்னையத்தானே சொன்னாகன்னு கேட்டா. ஆமா, என்னையத்தான்னு இவ நிமிந்து சொன்னா. அவ இலையில தண்ணி தெளிச்சுத் துடைச்சா. அப்புறம், எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருக்கு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு மெதுவாக் கேட்டா. அந்த வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு நாளைக்கு அன்னத்தாய் பஸ் ஏறுறா. துணைக்கு நான் போகல. மாமா நீங்க வந்தா அங்கனயும் சர்பத் வாங்கிக் கொடுப்பீகன்னு சிரிக்கிறா. சிரிக்கிறா மருமகனே, ரொம்ப நாளைக்கப்புறம்.

ஆகவே கேட்டுக்க. அவளை மதுரைக்கும் அனுப்பமாட்டேன், மானாமதுரைக்கும் அனுப்பமாட்டேன். மானம் போகுதுன்னு எழுதியிருந்த. நம்ம வீட்டு மானம் அன்னைக்கு மைதானத்துல அகப்பையோட நின்னுச்சு, ஊரே பாத்துச்சு, நீதான் பாக்கல. கிறிஸ்மஸுக்கு வராட்டி உன் பங்குப் பலகாரத்தையும் நானே தின்னுருவேன், அதுக்கு எனக்கு வயிறு இருக்கு.

இன்னொண்ணு. சொல்ல வேண்டாம்னுதான் பாத்தேன். ராவு ஜெபமாலை முடிஞ்சதும், தூரதேசத்துல இருக்கிற எங்க அண்ணனுக்காகன்னு சொல்லி அன்னத்தாய் தனியா ஒரு அருள்நிறைந்த மரியே சொல்றா. அம்புட்டுச் சோறு தின்ன எனக்குன்னு ஒண்ணு கிடையாது, உனக்கு மட்டும்தான். மாத்திரையினால சில நாள் தலை சுத்தி நிக்க முடியாமப் போகும், அப்பவும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிருவா.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நாங்க வீட்டுலதான் இருப்போம். நீ போன் போடு. மணி அடிச்சா நான் எடுக்கமாட்டேன், உன் அத்தையையும் எடுக்க விடமாட்டேன். அவளே வந்து எடுக்கட்டும். அடுப்படியில இருந்து அவ நடந்து வர்ற வரைக்கும் வெச்சிராத ராசா, கொஞ்ச நேரம் அடிக்க விடு.

எல்லா ஆசீர்வாதமும் உன் தலை மேல இறங்க,
உன் தாய்மாமன்
சவரியப்பன்